சுணை இல்லாத பழம்

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன், நலமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் என் மிளகும் எப்படி இருக்கிறீர்கள்? உருவம் சின்னது, காரம் பெரிசு என்று நீதானே என் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தாய். இப்போது அந்தக் காரத்தை நீயே அனுபவி. சின்ன வயதில் நீ என் தலையில் குட்டிய குட்டுக்கெல்லாம் அவள் பழி வாங்கட்டும்.

எனக்குப் பழக் கொட்டகையில் தரம் பிரிக்கிற வேலை. ஒரு பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் நாற்பது பெண்கள் நிற்கிறோம். அடிபட்டதையும் அழுகலையும் கண் பார்ப்பதற்குள் கை எடுத்துவிட வேண்டும். இரண்டு வகைப் பழம் வருகிறது. ஒன்று பீச். அதன் மேலெல்லாம் மெல்லிய முடியாகச் சுணை இருக்கும். காற்றில் பறந்து கழுத்து மடிப்பில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க அரிக்கும். இன்னொன்று நெக்டரின். அது வழவழவென்று இருக்கும். "சவரம் பண்ணின பீச்" என்று என் அறைத் தோழி நெட்டை சொல்கிறாள்.

எங்கள் லாரி உங்கள் பக்கத்துச் சந்தைக்கு வருகிறது. டிரைவர் அண்ணன் பெட்டியும் கடிதமும் கொண்டுவந்து கொடுப்பார், பதிலையும் வாங்கி வருவார். இங்கே தொலைபேசி அலுவலகத்தில் ஒன்றுதான். ஆள் செத்தால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சீசன் முடிகிறவரை இரண்டே நாள் லீவு.

மிளகு வயிற்றில் இருக்கும்போதே அவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து போய்விட்டார். நானும் ஆறாவது மாதத்தில் பாலை நிறுத்திவிட்டு இங்கே வந்து நிற்கிறேன். அவளுக்கு நான் அனுப்ப முடிந்தது இந்தப் பழம் ஒன்றுதான் அக்கா. நன்றாகக் கனிந்த பீச்சாக எடு. அடியில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் போட்டால் தோல் தானாகக் கழன்றுவிடும். கொட்டையை எடுத்துவிட்டு மசித்து, முதல் நாள் கால் கரண்டிக்கு மேல் கொடுக்காதே. முதல் வாய் வைத்ததும் அவள் முகம் எப்படிப் போனது என்று ஒரு சுளிப்பு விடாமல் எழுது. என் கையால் கொடுக்க வேண்டியது.

நான் தலையில் கட்டியிருந்த துணியும் பெட்டியில் இருக்கிறது. துவைக்காமல் அவள் பக்கத்தில் போட்டு வை. என் வாசனை மறந்துவிடக் கூடாது.

அத்தானுக்கு என் வணக்கம். மிளகுக்கு ஆயிரம் முத்தம்.
உன் தங்கை

*

மே 23
(எழுதி, அனுப்பாமல் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்தது)

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம் என்று ஆரம்பிக்கிறேன். இப்போது நலம்தான். நேற்று இல்லை.

நீ சொன்ன மாதிரியே எல்லாம் செய்தேன். பெருக்கல் குறி, வெந்நீர், கால் கரண்டி. மடியில் உட்காரவைத்து ஊட்டினேன். ஆசையாகத்தான் வாயைத் திறந்தாள். இரண்டாவது வாய்க்குள் உதடு தடித்துவிட்டது. கன்னம், கழுத்து எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து வீறிட்டாள். உன் அத்தான் செருப்புக்கூடப் போடாமல் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் மருந்து கொடுத்தார், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. "பீச் வேண்டாம்மா, பெரிசானப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மருந்து எடுத்துக் கொடுத்த கம்பவுண்டர் மட்டும், "அந்தச் சுணைதான் பட்டிருக்கும், வேற ஒண்ணும் இருக்காது" என்றார்.

இன்று காலையில் உன் துணியை அவள் பக்கத்தில் போட்டேன். அதில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சுற்றி மறுபடி அதே தடிப்பு. உன் துணியிலும் சுணை. எடுத்துத் துவைத்துவிட்டேன். இரண்டு தரம் சோப்புப் போட்டேன். உன் வாசனையும் அதோடு போய்விட்டது. கொடிக்குக் கீழே நின்று அழுதேன்.

எட்டு நாள் என் மடியில் இருந்துவிட்டுப் போன பிள்ளையை நினைத்துக்கொண்டேன். "அவ கையில பிள்ளை தங்காது" என்று அப்போது பேசினார்கள். நீ மட்டும்தான் அதைக் கேட்டுச் சண்டைக்குப் போனாய். உன் பிள்ளையையும் என்னிடமே கொடுத்தாய்.

இதை உனக்கு எப்படி அனுப்புவேன்?

*

மே 24

அன்புத் தங்கைக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். உன் கழுத்து அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

பழம் வந்தது. உன் மகள் பழத்தைக் கண்டதும் பண்ணின கூத்தைக் கேள். முதல் வாய்க்கு முகத்தை அஷ்டகோணலாக்கினாள். நான் பயந்துபோய்க் கரண்டியை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான், கையை நீட்டி ஒரு சத்தம் போட்டாள் பார், மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்துவிட்டாள். சாறு முழங்கை வரை வழிந்தது. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு விடவில்லை. சுணைதான் அவளுக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, தோலைத் தொட்டதும் கையை உதறினாள்.

உன் துணி அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, ஆளே தேய்ந்து போய்விடாதே.

உன் அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

என்னைப் பற்றிக் கவலைப்படாதே, இரண்டு சுற்றுப் பெருத்திருக்கிறேன். உன் கடிதம்தான் சாப்பாடு. அறையில் ஆறு பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கரண்டியைப் பிடுங்கின இடத்தை நெட்டை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். மறுநாள் பெல்டில் நல்ல பழம் வந்தால் போதும், "இது மிளகுக்கு" என்று ஆளுக்கு ஒன்று காட்டுகிறார்கள். மேற்பார்வையாளன், "யாரு அந்த மிளகு, முதலாளி மகளா?" என்று கேட்டான். "முதலாளியே அவதான்" என்றேன்.

சுணை பிடிக்கவில்லை என்றால் கவலையை விடு. இந்தப் பெட்டியில் பன்னிரண்டு நெக்டரின் வைத்திருக்கிறேன். பீச்சேதான், சுணை மட்டும் கிடையாது. வெந்நீரெல்லாம் வேண்டாம், தோலைச் சீவினால் போதும். தைரியமாகக் கொடு. அவள் முகம் எப்படிப் போனது என்று மறக்காமல் எழுது.

அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?
உன் தங்கை

*

ஜூலை 2

அக்கா,

உடம்புக்கு ஏதும் இல்லையே? மூன்று வாரமாக டிரைவர் அண்ணன் வெறுங்கையோடு வருகிறார். வீடு பூட்டியிருந்தது என்கிறார் ஒரு தரம். இன்னொரு தரம், அத்தான் பெட்டியை வாங்கிக்கொண்டு முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறார். அத்தான் அப்படிப்பட்டவரா? என் மேல் கோபமா? பெல்டில் கை ஓடுகிறது, மனசு அங்கேயே நிற்கிறது.

இரண்டு வரி போதும். எழுது.
தங்கை

*

ஜூலை 6
(இதுவும் அனுப்பாதது, அதே இழுப்பறையில்)

அடியே, என் கண்ணே,

நெக்டரினில் சுணை இல்லை என்று எழுதியிருந்தாய். கம்பவுண்டர் சுணைதான் காரணம் என்றார். எனக்கு அதை நம்ப ஆசையாக இருந்தது. உனக்கு எழுதிய பொய்யை மெய்யாக்க ஒரு வழி கிடைத்ததென்று நினைத்தேன். இந்தத் தடவை அவள் சாப்பிட்டுவிட்டால், முன்பு நடந்ததைச் சொல்லவே வேண்டாமே என்று பார்த்தேன்.

கால் கரண்டிகூட இல்லை. நாக்கில் தடவினேன். இந்தத் தடவை உதட்டோடு நிற்கவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. அப்புறம் அழுகையே வரவில்லை. அழாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். ஊசி போட்டார்கள், முகத்தில் குழாய் வைத்தார்கள். மூன்று நாள் அங்கேயே கிடந்தோம். பெரிய டாக்டர் கேட்டார்: "பீச் சாப்பிட்டு ஏற்கெனவே வீங்குச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கும்மா இதைக் குடுத்தீங்க? ரெண்டும் ஒரே ஜாதிப் பழம். மேல்தோல்தான் வேற."

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தான், "அவளுக்கு எழுதிடு" என்றார். எழுதுகிறேன் என்றேன். "இன்னைக்கே எழுது" என்றார். அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை.

இது உன் காதில் விழுந்தால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாய். உனக்கு அந்த உரிமை உண்டு. அதுதான் பயம். உன் வருத்தத்தை நினைத்து மறைக்கிறேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் நிஜம். மீதி, அவளைக் கொடுத்துவிட்டு என்னால் இருக்க முடியாது.

*

ஜூலை 7

அன்புத் தங்கைக்கு,

கோபமாவது மண்ணாவது. எனக்குத்தான் காய்ச்சல், படுத்துவிட்டேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன். மிளகு சௌக்கியம். அத்தானுக்கு முழங்கால் வலியோடு வாயும் வலிக்கிறது போலிருக்கிறது, யாரோடும் பேசுவதில்லை, நீ அதைப் பெரிசு பண்ணாதே.

நெக்டரின் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. துண்டைக் கையில் கொடுத்தால் வழுக்கி வழுக்கி ஓடுகிறது. துரத்திப் பிடித்து, ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். தாடையில் வழிந்ததைக் கழுத்துத் துணியில் துடைத்தால் கோபம் வருகிறது, அதையும் நக்க வேண்டுமாம்.

நிறைய அனுப்பாதே. மிஞ்சியதை மாடி வீட்டு டீச்சரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேறிவிட்டது என்று டிரைவர் அண்ணன் சொன்னார். நானும் நலம். கையில் மட்டும் தோல் உரிகிறது.

சந்தோஷமான சேதி. லீவு கிடைத்துவிட்டது! முப்பதாம் தேதி காலை வந்துவிடுவேன். இங்கிருந்து நேராக லாரியிலேயே வருகிறேன், டிரைவர் அண்ணன் பக்கத்தில் இடம் தருகிறார். கடைசி அறுவடைப் பீச் இனிமேல்தான் வருகிறது, உள்ளங்கை அகலம். அதில் ஒன்றை நானே பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு வருவேன். அன்றைக்குக் காலை அவளுக்கு ஒன்றும் கொடுக்காதே. வாசலிலேயே உட்கார்ந்து என் கையால் ஊட்டப்போகிறேன்.

உன் கடிதங்களை எத்தனை தரம் படித்தேனோ, எனக்கு அவளைக் கண்ணை மூடினால் தெரிகிறது. நீ மட்டும் இப்படி எழுதியிருக்காவிட்டால் மே மாதமே ஓடி வந்திருப்பேன்.

பன்னிரண்டே நாள்.
உன் தங்கை

*

ஆகஸ்ட் 21

தங்கைக்கு,

இதை எங்கேயாவது உட்கார்ந்து படி. மிளகு நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதோடு இரண்டு கடிதம் வைத்திருக்கிறேன். தேதி பார்த்து வரிசையாகப் படி. எழுதிய அன்றே அனுப்பியிருக்க வேண்டியவை. நான் அனுப்பியவை எல்லாம் பொய். கரண்டியைப் பிடுங்கியது, துண்டைத் துரத்தியது எல்லாம் மாடி வீட்டு டீச்சரின் சின்னப் பெண் செய்தது. நீ அனுப்பிய பழத்தை அவளுக்குக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து பார்த்து எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பழம் கொண்டுவராதே. லாரியில் வராதே, கொட்டகை உடுப்போடு வராதே. உன் முடியிலும் நகத்திலும்கூட அந்தச் சுணை இருக்கும். குளித்து, வேறு உடுப்பு மாற்றி, பஸ்ஸில் வா. உன்னை வாசலில் நிறுத்தி, பிள்ளையைத் தொடாதே என்று என் வாயால் சொல்லும்படி வைத்துவிடாதே.

திட்டு. என்ன வேண்டுமானாலும் திட்டு. முப்பதாம் தேதி மட்டும் வந்துவிடு.

அக்கா

*

செப்டம்பர் 5

அக்காவுக்கு,

நான் நலம்.

முப்பதாம் தேதி பஸ் நிலையம் வரை வந்தேன். மூன்று தரம் குளித்தேன். நெட்டையின் புதுப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டேன். வரிசையில் நின்றபோது காதுக்குப் பின்னால் அரித்தது. சொறிந்தேன், நகத்தில் சுணை இருந்ததா என்று தெரியவில்லை. இந்தக் கையோடு போய் அவளை எப்படித் தூக்குவேன்? திரும்பி வந்துவிட்டேன்.

உனக்கு ஒன்று தெரியுமா? இங்கே புதிதாக வருகிறவர்களில் வருஷத்துக்கு ஒருத்திக்காவது முதல் நாளே உதடு வீங்கும். அன்றைக்கே அவளை அட்டைப்பெட்டி மடிக்கிற பக்கம் அனுப்பிவிடுவார்கள். பீச்சையும் தொடவிட மாட்டார்கள், நெக்டரினையும் தொடவிட மாட்டார்கள். கூட்டுகிறவளுக்குக்கூட அது தெரியும். 'உதடு வீங்கியது' என்று நீ இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும், அந்தப் பன்னிரண்டு பழத்தை நான் அனுப்பியிருக்க மாட்டேன். நானே பொறுக்கினேன் அக்கா. ஒன்றொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்து வைத்தேன். என் பிள்ளை மூச்சுக்குத் திண்டாடிய மூன்று நாளும் நான் இங்கே உன் கடிதத்தைப் படித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாறு முழங்கை வரை வழிய ஒரு குழந்தை மூன்று மாதமாக என்னோடு இருந்தாள். வேலை முடிந்து படுத்தால் அவளைத்தான் நினைப்பேன். அது யாரோ டீச்சர் பெண் என்கிறாய். என் மகளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவளையும் நீயே வைத்துக்கொண்டாய், அவளைப் பற்றிய சேதியையும் நீயே வைத்துக்கொண்டாய்.

இருபத்தைந்தாம் தேதி சீசன் முடிகிறது. நகரத்துச் சலவைக்கூடம் ஒன்றில் வேலை பேசியிருக்கிறேன். அறை பார்த்ததும் வந்து அவளை அழைத்துப் போகிறேன். அதற்கு முன் ஒரு கடிதம் எழுது. எனக்கு ஆறுதலாக ஒரு வரிகூட வேண்டாம். உள்ளதை எழுது.

தங்கை

*

செப்டம்பர் 12

தங்கைக்கு,

முப்பதாம் தேதி அவளுக்குத் தலை வாரி, காலையிலிருந்து மூவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கடைசி பஸ் போனதும் உன் அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

உள்ளதை எழுதுகிறேன். அவளுக்குப் பத்து மாதம் ஆகிறது. மேலே நாலு, கீழே இரண்டு பல். வாழைப்பழம் சாப்பிடுவாள். உருளைக்கிழங்கை மசித்துத் தந்தால் துப்புவாள், துண்டாகத் தந்தால் தின்பாள். ஆப்பிளும் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சீட்டை இதில் வைத்திருக்கிறேன். மூச்சுக்கான மருந்தை வீட்டில் ஒன்று, பையில் ஒன்று வைத்துக்கொள். என் தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில்தான் பகலில் தூங்குவாள். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். அதனால் துணி இல்லாமலும் சில நாள் ஓட்டுவேன். தும்மினால் சிரிப்பாள்.

என்னை அம்மா என்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியம்மா என்று திருத்திப் பார்த்தேன், அவ்வளவு நீளம் அவள் வாயில் வரவில்லை. அப்புறம் திருத்தவும் இல்லை.

அவளுடைய துணிமணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். எப்போது வந்தாலும் தயார்.

அக்கா

*

நவம்பர் 3

அக்காவுக்கு,

நானும் குழந்தையும் நலம் என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். உன்னிடம் உள்ளதைக் கேட்டவள் நானும் உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

அவளை இங்கே அழைத்து வந்து பதினேழு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு தடிப்புக்கூட வரவில்லை. வாழைப்பழம் தின்கிறாள், உருளைக்கிழங்கைத் துண்டாகத் தருகிறேன். சலவைக்கூடத்துக்குப் பின்னாலேயே அறை, மெஷின் சத்தத்தில் பகலில் தூங்கிவிடுகிறாள். நேற்று சுவரைப் பிடிக்காமல் நாலு அடி நடந்தாள். நான் எதிரில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிக் கதவுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆனால் அழ ஆரம்பிக்கிறாள். மாடிப்படியில் யார் ஏறினாலும் தவழ்ந்து கதவண்டை போய் "அம்மா" என்கிறாள். "இங்கதான்டி இருக்கேன்" என்று தூக்கினால் என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். அப்புறம்தான் பெரிசாக அழுகிறாள்.

நேற்றும் அப்படித்தான். எதிர் அறைக்காரம்மா சத்தம் கேட்டு வந்து, "பாவம், அம்மாவத் தேடுதே பிள்ளை. அம்மா வேலைக்குப் போயிருக்காளா? நீங்க யாரு அவளுக்கு?" என்று கேட்டாள்.

"சித்தி" என்று சொல்லிவிட்டேன் அக்கா. யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. அந்தம்மா போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நானும் அவளும் சேர்ந்து அழுதோம்.

என் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைத் தூக்கிக்கொள். அத்தானையும் கூட்டிவா.

இப்படிக்கு,
உன் தங்கை